கால் கட்டைவிரல் கேட்ட கேள்வி



அதிகாரத்தைப் பேசும் துன்பியல் நாடகம் என்றாலே மேக்பெத், லியர் என்று மன்னர்கள் பக்கமே போய்விடுகிறோம். இந்த நினைவுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது ஷேக்ஸ்பியரின் 'கோரியோலேனஸ்'. ரோம் நகரத் தெருவில் தடியேந்தி நிற்கும் பசித்த மக்களோடு அது தொடங்குகிறது.

1608 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் நாடகம். 1607இல் இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில், பொது நிலங்களை வேலியடைத்துக்கொண்ட நிலவுடைமையாளர்களுக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள். வேலிகளைப் பிடுங்கினார்கள், அகழிகளைத் தூர்த்தார்கள். நியூட்டன் என்ற கிராமத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். நாடகத்துக்கு மூலமான புளூடார்க்கில் ரோமானியரின் முதல் கலகம் வட்டிக்காரர்களுக்கு எதிரானது. ஷேக்ஸ்பியர் தானியத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதற்காக அவர் நம்மாள் என்று அவசரப்பட வேண்டாம். 1598இல், தட்டுப்பாட்டுக் காலத்தில், முளைகட்டிய பார்லியை இருப்பு வைத்திருந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது!

கலகக்காரர்களைச் சமாதானப்படுத்தப் பிரபு மெனேனியஸ் ஒரு கதை சொல்கிறார். உறுப்புகளெல்லாம் வயிற்றின் மேல் குற்றம் சாட்டின: உழைப்பது நாங்கள், உட்கார்ந்து தின்பது நீ. வயிறு சொன்னது: வாங்கிவைப்பது நான்தான், பங்கிட்டு அனுப்புவதும் நான்தான். செனட் சபைதான் அந்த வயிறாம். கதையை முடிக்க விடாமல் முதல் குடிமகன் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான். இந்தக் கூட்டத்தின் கால் கட்டைவிரல் நீ என்கிறார் மெனேனியஸ். கீழானவர்களிலும் கீழானவன் முன்னால் வந்து நிற்கிறானே என்ற எரிச்சல் அவருக்கு. அவனுக்கு நாடகத்தில் பெயர்கூடக் கிடையாது.

கால் என்றதும் நமக்குப் புருஷ சூக்தம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அதில் பாதத்திலிருந்து சூத்திரர் பிறக்கிறார்கள். நமக்கு அந்த உடலில் இடமே இல்லை. 1946இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அம்பேத்கர் தொடக்கத்திலேயே அந்தச் சூக்தத்தைத்தான் விசாரணைக்கு நிறுத்துகிறார். இரண்டும் ஒன்றல்ல. ரோமின் கால்விரலுக்கு வாக்கு இருந்தது.

அந்த வாக்கில்தான் மோதல் முற்றுகிறது. கான்சல் பதவிக்கு எளிய அங்கி அணிந்து, சந்தையில் நின்று, போர்த் தழும்புகளைக் காட்டி வாக்குக் கேட்பது வழக்கம். கோரியோலேனஸ் அங்கியை அணிகிறான், கேட்கிறான், தழும்பைக் காட்டுவதில்லை. மக்களின் பிரதிநிதிகளான இரு டிரிப்யூன்களைச் சூழ்ச்சிக்காரர்களாகத்தான் ஷேக்ஸ்பியர் தீட்டுகிறார். நமக்கு அதில் வருத்தமுண்டு. ஆனால் மூன்றாம் அங்கத்தில் கோரியோலேனஸே வாய்திறந்துவிடுகிறான்: இலவசத் தானியம் கொடுத்தீர்கள், கீழ்ப்படியாமையை வளர்த்தீர்கள், போருக்கு வரத் தயங்கியவர்களுக்கு என்ன தகுதி என்கிறான். தகுதி என்ற இந்தச் சொல்லை நாம் எங்கெங்கே கேட்டிருக்கிறோம்! நாடுகடத்தும் தீர்ப்பு வந்ததும் அவன் மக்களைப் பார்த்துச் சொல்கிறான், உங்களை நான் நாடுகடத்துகிறேன் என்று.