பழைய கோயிலுக்கு என்ன பணி?
(நூற்றாண்டு விழா நிறைவு நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



புதிய ஆலயத்தில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்த இந்நாளில், பக்கத்திலே பூட்டிக் கிடக்கும் பழைய கோயிலையும் நாம் நினைக்க வேண்டும். நம் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற இடம் அது. இடித்துக் கடைகள் கட்டலாம் என்கின்றனர் சிலர். திருமண மண்டபமாக்கலாம் என்கின்றனர் வேறு சிலர். ஆலயக் கடனை எண்ணி நாமும் முதலில் மண்டபத்தையே விரும்பினோம்.

உரோமை நகரின் பாந்தியோன் 2ஆம் நூற்றாண்டில் எழுந்த புறச்சமயக் கோயில். கி.பி. 609இல் பாப்பரசர் நான்காம் போனிபாஸ் அதனைத் தேவமாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் அர்ச்சித்தார். நகரின் பழங்கட்டடங்கள் பல கல்லுக்காக உடைக்கப்பட்டபோதும் அது நிலைத்தது. அதற்கு ஒரு பணி இருந்தது.

ஆனால் எந்தப் பணியும் ஆகுமா? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1294இல் அர்ச்சிக்கப்பட்ட புனித சாமிநாதர் சபையாரின் கோயில், 1794இல் பிரெஞ்சுப் படையிடம் போயிற்று. பிற்காலத்தில் கிடங்காயிற்று, சைக்கிள் நிறுத்தும் இடமும் ஆயிற்று. 2006இல் புத்தகக் கடையாக மாறியது. எஃகு அலமாரிகளைச் சுவரில் அறையாமல் தனியே நிறுத்தினர். நாளை கழற்றினாலும் கோயிலுக்குக் காயமில்லை. போதிப்பதையே பணியாகக் கொண்ட சபையாரின் கோயிலில் புத்தகம் இருப்பது பொருத்தமே. எனினும் பலிபீடம் இருந்த பக்கம் இன்று காப்பிக்கடை என்பதை நினைத்தால் மனம் கூசுகிறது.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 1222ஆம் பிரிவில், வழிபாட்டுக்கு இனி உதவாத கோயிலை ஆயர் உலகப் பயனுக்கு விடலாம், இழிவான பயனுக்கு ஆகாது என்கிறது. ஆகவே முடிவு ஆயருடையது. தக்கதைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.

பணிக்காகக் கட்டடத்தை வெட்டலாகாது. கட்டடத்துக்கு ஏற்ற பணியைத் தேட வேண்டும். மண்டபமென்றால் சுவரை உடைத்து வாசல் வைக்க வேண்டும். சமையல் புகை படியும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உப்பி உதிரும். அந்தக் கோயிலிலோ தடித்த சுவர்களின் குளிர்ச்சியும், உயர்ந்த சன்னல்களின் வெளிச்சமும், அமைதியும் இருக்கின்றன. படிக்க இடமில்லாத பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சாதி மத வேறுபாடின்றி அவர்களுக்கு மாலை நேரப் படிப்பகமாக அதைத் திறக்கலாம் என்பதே நம் எண்ணம்.

வாடகை வராது. கடனை நம் கைப்பிடி அரிசியும் காணிக்கையுமே அடைக்க வேண்டும். நம் முன்னோர் அந்தக் கோயிலை வாடகைக்காகவா கட்டினார்கள்? வீட்டில் கலந்து பேசுங்கள். பங்குப் பேரவையில் உங்கள் கருத்தைத் துணிந்து சொல்லுங்கள்.

தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.