நொதிக்கு ஒரு படிகக் கூடு



சோற்றை மெல்லுங்கால் இனிப்பது ஏன்? உமிழ்நீரிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவதனால். நொதிகள் மருந்துத் தொழிலிலும் பெருந்துணை புரிகின்றன. ஆயினும் அவை மென்மையானவை. வெப்பம் மிகுந்தால் உருக்குலையும். நீரில் கரைந்தபின் மீட்பதும் அரிது. விலையுயர்ந்த பொருள் ஒரே முறையில் வீணாகின்றது.

இதற்கு அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று உலோக-கரிமச் சட்டகம். கற்கண்டு போன்று படிகமே அது. ஆனால் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். இத்துறைக்கு அடிகோலிய கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவரும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துத்தநாகப் படிகம் நொதியைச் சுற்றி வளர்ந்து கூடாயிற்று. உள்ளிருந்த நொதி கொதிநீரையும் தாங்கிற்று. சிறு மூலக்கூறுகள் துளைவழியே சென்று மீளும். பருத்த நொதி உள்ளேயே தங்கும். வினை முடிந்ததும் படிகத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

குறையும் உண்டு. அப்படிகம் அமிலத்தில் சிதையும். பெரிய மூலக்கூறுகளுக்கு வழி விடாது. துளை குறுகினால் பணி குன்றும். அகன்றால் நொதி வெளியேறும். இவ்விரண்டிற்கும் இடையே அளவறிந்து கூடு அமைப்பதே இன்றைய பணி. கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் இதில் ஈடுபடுவாராக!