இரண்டாவது இதழ்தான் கஷ்டம்

(மேற்கு சிட்னியில் நடந்த எங்கள் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத் தொனியைப் பெரிதாக மாற்றவில்லை.)



புதுசா ஒரு செய்திமடல் தொடங்குவது பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேட்டார்கள். உண்மையில் தொடங்குவது பற்றிக் கதைக்க அவ்வளவு இல்லை. பெயர் வைக்க ஒரு கிழமை, லோகோவுக்கு ஒரு சண்டை, முதல் பக்கத்துக்கு ஒரு பிரகடனம். அந்தச் சந்தோசத்தில் முதல் இதழ் தன்பாட்டில் வந்துவிடும். கஷ்டம் இரண்டாவது இதழிலதான் தொடங்கும். அப்ப வாற ஏமாற்றங்களைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போறன். அவற்றைத் தனிப்பட்ட தோல்வி எண்டு நினைத்துத்தான் எங்களில கனபேர் ஒதுங்கிப் போறம். ஆனா அநேகமானவை அரசியல் பிரச்சினைகள். அப்படிப் பார்த்தால்தான் தீர்க்கலாம்.

முதலாவது, மௌனம். மடலை அனுப்பிவிட்டு எத்தனை பேர் திறந்தார்கள் எண்டு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பார்ப்பீர்கள். அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2021 செப்டெம்பரில் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு, வாசகர் மடலைத் தொடாமலே ‘திறக்கப்பட்டது’ எண்டு காட்டக்கூடியது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் எங்களுக்கு ஆர் வாசித்தார், வாசித்து என்ன செய்தார் எண்டு தெரியாது.

இதை வேற மாதிரிச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லுறன். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டு, சலூனில் முடி வெட்டிப் பிழைத்தவர். பெயரில் இருக்கிற ‘ஜீவா’, கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட மதிப்பால் வந்தது. விநியோகஸ்தர் எடுப்பார், கடையில் தொங்கும் எண்டு அவர் காத்திருக்கவில்லை. இதழைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆள் ஆளாகப் பார்த்து விற்றார். போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வரவேண்டி வந்தது. அப்படியும் 2012 வரை கொண்டுபோய் 400 இதழ்களை எட்டினார்.

இதை நான் விடாமுயற்சிக் கதையாகச் சொல்லவில்லை. அந்த மாதிரிக் கதைகள் எங்களைக் களைக்கச் செய்யும், அவ்வளவுதான். நான் சொல்லவாறது விநியோகம் பற்றி. ஜீவாவுக்குத் தன் வாசகரின் முகம் தெரியும். இதழை விற்கப் போன இடத்தில்தான் அடுத்த இதழுக்கு எழுதக்கூடிய ஆளையும் கண்டார். விற்பது, கேட்பது, எழுதவைப்பது மூன்றும் ஒரே நடைப்பயணம். நாங்கள் ஒரு பொத்தானை அமத்திப்போட்டு வீட்டில் இருந்து முகம் தெரியாத மௌனத்தைப் பார்த்துக் கவலைப்படுறம்.

அதுக்காக முகநூலுக்குப் போவம் எண்டு சொல்லாதேங்கோ. 2021 பெப்ரவரி 18 ஞாபகம் இருக்கா? செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கவைக்கும் சட்டத்துக்கு எதிர்ப்பாக, பேஸ்புக் அவுஸ்திரேலியாவில் செய்திகளை முற்றாகத் தடுத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரத் திணைக்களங்களின் பக்கங்களே அன்றைக்கு வெறுமையாகின. சமூக அமைப்புகளின் பக்கங்களும் போயின. ஒரு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தது உண்மை. ஆனா கதவின் திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு அன்றைக்கு விளங்கியது. மின்னஞ்சல் பட்டியல் பழைய சாமான்தான், எண்டாலும் அது எங்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது ஏமாற்றம், எழுத ஆளில்லாமல் போறது. தொடங்கேக்க பத்துப்பேர். மூன்றாவது இதழில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் தட்டச்சு, பிழை திருத்தம், பட்டியல் பராமரிப்பு, கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கிறது எல்லாம் செய்யிறது அநேகமாகப் பெண்கள். கட்டுரைக்குப் பெயர் போடுறது வேற ஆக்கள். இது எங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போன எங்கட ஆக்கள் தொடங்கின இதழ்களைப் பாருங்கோ. ஜெர்மனியில் ‘தூண்டில்’, சுவிசில் ‘மனிதம்’, நோர்வேயில் ‘சுவடுகள்’, பிரான்சில் ‘ஓசை’, ‘எக்ஸில்’. இரவில் உணவகங்களில் வேலை செய்துபோட்டு வந்து பக்கம் ஒட்டின காலம் அது. அதுக்குள்ளேயும் பெண்கள் தங்களுக்கெண்டு தனி இடம் உருவாக்க வேண்டி வந்தது. நோர்வேயில் ‘சக்தி’ இதழும், ஜெர்மனியில் பெண்கள் சந்திப்பும் 1990-இல் தொடங்கியது சும்மா இல்லை.

அந்த இதழ்களை உயிரோட வைத்திருந்தது எது? இதழுக்குப் பின்னால் ஒரு சந்திப்பு இருந்தது. 1988-இல் ஜெர்மனியின் ஹேர்ண நகரில் இலக்கியச் சந்திப்பு தொடங்கியது. ஒரு நாட்டில் எழுதினதை இன்னொரு நாட்டில் இருந்து வந்தவர் நேரே நிண்டு திட்டினார். திட்டு வாங்கினவர் அடுத்த இதழில் பதில் எழுதினார். பதில் எழுத வேண்டி இருந்ததால் அடுத்த இதழ் வந்தது.

1901 மே மாதம் லெனின் ‘இஸ்க்ரா’வில் ‘எங்கிருந்து தொடங்குவது’ எண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில பத்திரிகையைக் கட்டடத்தைச் சுற்றிக் கட்டுற சாரத்துக்கு ஒப்பிடுகிறார். சாரம் எண்டால் உடுக்கிற சாரம் இல்லை, மேசன்மார் ஏறி நிண்டு வேலை செய்யிற சாரம். சாரமே வீடாகாது. ஆனா அதில ஏறித்தான் தொழிலாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டு, வேலையைப் பங்கிட்டு, கட்டடத்தை உயர்த்துவார்கள். எங்கள் மடலையும் இந்தக் கண்ணால் பாருங்கோ. மடலைச் சுற்றி ஒரு வேலையும் நடக்கவில்லை எண்டால், வெறும் வளவில் சாரத்தை மட்டும் கட்டிவிட்டு ஏன் ஒருத்தரும் குடிவரவில்லை எண்டு கேட்கிறம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. மொழி.

2021 குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுறவர்கள் 95,000-க்கு மேல். ஆனா பேசுறது வேற, வாசிக்கிறது வேற. என்னைப் போல இஞ்ச பிறந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய், எச்எஸ்சியிலோ விசிஈயிலோ தமிழ் எடுத்தவர்கள் வாசிப்பம், மெதுவா. இந்த அறையில் பாதிப்பேர் அதுவும் கஷ்டம் எண்டு சொல்லுவீங்கள். அதனால் நாங்கள் வழமையா என்ன செய்யிறம்? எல்லாத்தையும் ஆங்கிலத்தில் எழுதுறம். நேரம் மிஞ்சினால் ஒரு துண்டைத் தமிழில் மொழிபெயர்க்கிறம், அலங்காரத்துக்கு. பிறகு ‘தமிழ்ப் பகுதியை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை’ எண்டு சலிக்கிறம்.

தமிழை நன்றாக வாசிக்கிறவர்கள் ஆர் எண்டு கேட்டுப் பாருங்கோ. எங்கட அம்மம்மாமார். தமிழ்நாட்டில் இருந்து அண்மையில் வந்த மாணவர்களும் வேலையாட்களும். எல்லாருக்கும் மேல, 2013 வரை படகில் வந்து இண்டைக்கும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறவர்கள். எங்களுக்குத் தமிழ் ஒரு அடையாளம். அவர்களுக்கு அது அன்றாடக் கருவி. கருவி தேவைப்படுறவருக்கு நாங்கள் அடையாளத்தைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறம்.

2023 பெப்ரவரியில் அரசாங்கம் தற்காலிக விசாவில் இருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. ‘ஃபாஸ்ட் ட்ராக்’ முறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் வெளியில் விடப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கனபேர். 2024-இல் மெல்பேர்ன் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு வெளியிலும், சிட்னி பஞ்ச்போலில் அமைச்சரின் அலுவலகத்துக்கு முன்னாலும் அவர்களே குளிரில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். எங்கட ஆக்கள் அவர்களைப் ‘பற்றி’ ஆங்கிலத்தில் நல்ல கட்டுரைகள் எழுதினார்கள். அவர்களுக்கு எண்டு தமிழில் எழுதப்பட்டது எவ்வளவு?

இன்னொரு உதாரணம். 2025 ஜனவரி 1 முதல், முதலாளி வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றவியல் குற்றம். சாப்பாட்டுக் கடையின் பின் அறையில் பாத்திரம் கழுவுகிற, விசாவுக்குப் பயந்து வாய் திறக்காத ஒருவருக்கு இந்தச் செய்தி தமிழில் போய்ச் சேர வேண்டும். அதைச் சேர்ப்பது எங்கட வேலை. இந்த இடத்தில்தான் காசுப் பிரச்சினையும் வருது. சமூகப் பத்திரிகை எண்டால் மளிகைக் கடை, வீட்டுத் தரகர், நகைக்கடை, விசா முகவர் விளம்பரங்களில்தான் ஓடும். அந்த விளம்பரத்தை வாங்கிக்கொண்டு அந்தக் கடையின் சம்பளத்தைப் பற்றி எழுத ஏலுமா? அதனால்தான் மாதம் ஐந்து டொலர் தாற இருபது பேர் எங்களுக்கு ஒரு முழுப்பக்க விளம்பரத்தைவிடப் பெரிசு.

நாலாவது, பயம். இதை லேசா எடுக்கக் கூடாது. 1994 மே 1-ஆம் திகதி பாரிசில் சபாலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். புலம்பெயர்ந்த மண்ணில் பதிப்பும் எழுத்தும் செய்தவர். 2006 மே 2-ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். எங்களுக்கு அந்த ஆபத்து இல்லை, அதனால் எங்கட சலிப்பை அவர்களின் விலையோடு ஒப்பிட எனக்கு மனம் வரேல்லை. ஆனா பயம் இஞ்சயும் வேற உருவத்தில் இருக்கு. 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இலங்கையில் பல பத்தாண்டுகளாக ஆட்களை விழுங்கியது. 2014-இல் இலங்கை அரசு தடைப் பட்டியலில் போட்ட 16 அமைப்புகளில் அவுஸ்திரேலியத் தமிழ்க் காங்கிரசும் ஒன்று. ஊரில் பெற்றோர் இருக்கிறவர், விசா முடிவுக்குக் காத்திருக்கிறவர் பெயர் போட்டு எழுதத் தயங்கினால், அதைக் கோழைத்தனம் எண்டு சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் உரிமை இல்லை. நீலக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவருக்குத் துணிவு மலிவு.

புனைபெயர் எங்கள் சிறுபத்திரிகை மரபில் எப்பவும் இருந்தது. அதை ஒழுங்கான நடைமுறையாக்குவம். உண்மைப் பெயர் இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. ஊர், வேலையிடம், வந்த படகு மாதிரி ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரம் பக்கத்தில் வரக்கூடாது. எழுதத் தயங்குபவர் பேசட்டும், நாங்கள் கேட்டு எழுதி, அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவம்.

இவ்வளவும் செய்தாலும் ஒருநாள் மடல் நிண்டு போகலாம். அதுவும் கதைக்க வேண்டிய விசயம். யாழ்ப்பாணத்தில் ‘மறுமலர்ச்சி’ 1946 முதல் 1948 வரைதான் வந்தது. ஆனா ஈழத்து இலக்கியத்தில் ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. இஞ்சயும் நாங்கள் முதல் ஆக்கள் இல்லை. மெல்பேர்னில் ‘மரபு’ வந்தது. ‘உதயம்’ 1997-இல் தொடங்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் பன்னிரண்டு வருசத்துக்கு மேல் வந்தது. சிட்னியில் ‘கலப்பை’ வந்தது. அவர்களின் அரசியலோடு உடன்படலாம், சண்டை பிடிக்கலாம். ஆனா சண்டை பிடிக்கவே முதலில் வாசிக்க வேண்டும். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து, புலம்பெயர் இதழ்கள் ஆயிரக்கணக்கில் எண்ணிமமாக்கி வைத்திருக்கிறது. எங்கட மடலையும் அங்க கொடுப்பம். 2019 முதல் அவுஸ்திரேலிய நூலகங்கள் சேர்ந்து நடத்துற மின்வைப்புச் சேவையிலும் சேர்ப்பம். நாங்கள் நிண்டாலும், பிறகு வாறவர் பூச்சியத்தில் இருந்து தொடங்கத் தேவையில்லை.

கடைசியாக நான் முன்வைக்கிறது இதுதான். ‘என்றென்றும் வெளிவரும்’ எண்டு சத்தியம் பண்ண வேண்டாம். ஆறு இதழ் எண்டு முடிவெடுப்பம். ஒவ்வொரு இதழிலும் முதல் கட்டுரை தமிழில் எழுதப்பட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும். ஆசிரியர் வேலையும் எடுபிடி வேலையும் இதழுக்கு இதழ் கைமாறட்டும். ஒவ்வொரு இதழையும் அச்செடுத்து, ஆளுக்குப் பத்துப் பிரதி டண்டெனோங்குக்கும் வென்ட்வேர்த்வில்லுக்கும் கையில் கொண்டுபோவம். கொடுத்துவிட்டு ஓடி வராமல், நிண்டு கதைப்பம். ஆறாவது இதழுக்குப் பிறகு ஒரு பகிரங்கக் கூட்டம் வைத்து, தொடர்வதா நிறுத்துவதா எண்டு வாசகர்களோட சேர்ந்து தீர்மானிப்பம். நிறுத்தினால் காரணத்தை எழுதிவிட்டு நிறுத்துவம்.

இரண்டாவது இதழுக்குப் பொருள் சம்பளமும் விசாவும். தமிழில் வேகமாகத் தட்டச்சுச் செய்யக்கூடியவர் இரண்டு பேர், கேட்டு எழுதக்கூடியவர் மூன்று பேர், கார் உள்ளவர் ஒருவர் தேவை. போக முதல் என்னட்ட பெயரைத் தந்துவிட்டுப் போங்கோ.