பூங்காவை ஓர் அடி இறக்குவோம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம்தான். அதனால் ஒரே ஒரு விஷயம்.

நம்ம பக்கம் பூங்கா கட்டுவது எப்படி? லாரி லாரியாக மண் அடித்து ரோட்டைவிட உயர்த்துவோம். சுற்றிலும் காம்பவுண்டு, உள்ளே சிமெண்ட் நடைபாதை. பெருமழை வந்தால் அந்தத் தண்ணீரும் தெருவுக்குத்தான் வரும். பக்கத்து வீட்டில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றுவார்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன?

செய்து காட்டியிருக்கிறார்கள். பாங்காக்கில் சூலலாங்கார்ன் பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டை ஒட்டி 2017இல் 11 ஏக்கரில் ஒரு பூங்கா அமைத்தது. தரை முழுவதும் லேசான சரிவு, தாழ்ந்த பக்கத்தில் குளம். சுமார் 38 லட்சம் லிட்டர் தாங்கும். சென்னையிலும் 2015, 2021 வெள்ளங்களில் பட்ட பிறகு, மாநகராட்சி பல பூங்காக்களில் குளம் வெட்டி 'ஸ்பாஞ்ச் பூங்கா' ஆக்கியது.

நம்ம ஊருக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் பூங்காவை ஓர் அடி இறக்கினால் சுமார் 12 லட்சம் லிட்டர் நிற்கும். 10 சென்டிமீட்டர் மழையில் ஒரு ஏக்கரில் விழுவது 4 லட்சம் லிட்டர். ஆக, மூன்று ஏக்கரில் விழும் மழையை ஒரு பூங்கா வாங்கிக்கொள்ளும்!

இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் பொன்னேரியைப் பாருங்கள். ஏரி என்றால் வரத்துவாய்க்கால், மதகு, கலங்கல். பூங்காவுக்கும் அதே மூன்றுதான் வேண்டும்: தெருத் தண்ணீர் உள்ளே வர வழி, மெதுவாக வெளியே விட ஒரு சின்னக் குழாய், நிரம்பினால் வழிந்தோட ஓரிடம்.

"கொசு வருமே சார்?" என்பீர்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். இரண்டு நாளில் வடியும்படி குழாயைக் கணக்கிட்டால் போதும். நம்ம கரிசல் மண் நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், தானாக உறிஞ்சாது. ஆகவே அடியில் மணல், ஜல்லிப் படுகை அவசியம். வாசலில் வண்டல் தொட்டி வைத்து வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன் தூர் வார வேண்டும். சாக்கடையை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. மற்ற நாளெல்லாம் அதே பள்ளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடலாம்.

இந்த அரங்கில் நகராட்சியில் இருப்பவர்கள் உண்டு, பொதுப்பணித்துறையில் இருப்பவர்கள் உண்டு, சொந்தமாகக் கட்டுமானம் செய்பவர்களும் உண்டு. பூங்கா எஸ்டிமேட் உங்கள் மேஜைக்குத்தான் வருகிறது. அடுத்த முறை வரும்போது 'மண் நிரப்புதல்' என்ற வரியை அடித்துவிட்டு 'மண் எடுத்தல்' என்று எழுதுங்கள். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

முதல் பள்ளத்தை நம் கல்லூரி மைதானத்தின் தாழ்ந்த மூலையிலேயே தோண்டலாம். லெவல் கருவி நான் கொண்டு வருகிறேன். ஸ்டாஃப் பிடிக்க ஜூனியர்கள் வரட்டும்.