புல்லோரத்து மஞ்சள் வண்ணத்துப்பூச்சி



மழைக்காலத்தில் காலி மனைகளின் ஓரமாகவோ, பூங்காவின் புல்தரை வழியாகவோ நடந்து செல்லும்போது, முழங்கால் உயரத்தில் சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று தத்தித் தத்திப் பறந்து போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது மிகுதியாகக் காணப்படுவது. ஆகவே, அதற்காக நின்று பார்ப்பவர் மிகக் குறைவு. மயிலைக் கண்டால் நிற்கிறோம்; மைனாவைக் கண்டால் நடையைத் தொடர்கிறோம். அதே வழக்கம்தான் இங்கும். அந்த எளிய மஞ்சள் பூச்சியைப் புகைப்படமெடுக்க முயன்று, ஒரு மழைக்காலம் முழுவதும் அதன் பின்னே அலைந்து, நாம் அறிந்துகொண்ட சில செய்திகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இதனை ஆங்கிலத்தில் 'காமன் கிராஸ் எல்லோ' என்பர். சாதாரணமான புல்வெளி மஞ்சள் என்பது பொருள். விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'யூரீமா ஹெக்கபி'. ஸ்வீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனைக் குறித்தபோது, டிராய் நகரத்து அரசியான ஹெக்கபியின் பெயரை இதற்குச் சூட்டினார். பல மக்களைப் பெற்றவள் எனக் கிரேக்கக் கதைகள் கூறும் அந்த அரசியின் பெயர், இந்தப் பூச்சிக்குப் பொருந்தாததன்று. இந்தியா எங்கும் இது உண்டு. ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியும் இருக்கிறது. இறகுகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய 4 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும்.

நாம் வசிப்பது டில்லியில். வீட்டுக்கு எதிரே கட்டடம் எழாத ஒரு மனை. மழை தொடங்கியதும் அங்கே தகரைச் செடி இடுப்பளவுக்கு வளர்ந்துவிடும். ஒரு ஜூலை மாதக் காலையில் காமிராவும் கையுமாக அங்கே போய் நின்றோம். எளிய வேலை என்று எண்ணினோம். ஒரு மணி நேரம் ஓடியாடி எடுத்த படங்கள் அனைத்தையும் வீட்டில் வந்து பார்த்தபோது, பச்சைப் பின்னணியில் தெளிவற்ற மஞ்சள் கறைகளே தெரிந்தன. ஒரு படத்திலாவது கால் இல்லை, கண் இல்லை, உணர்கொம்பு இல்லை. துரத்திப் பிடிக்க இது பந்தன்று என்பது அன்றைய பாடம்.

வண்ணத்துப்பூச்சியின் கண் பல சிறு கண்களின் தொகுதி. அசைவையும் நிழலையும் அது உடனே உணர்ந்துவிடும். ஆகவே, நின்றபடி அணுகுவதை விட்டு, குனிந்தும் பின்பு மண்டியிட்டும், நம் நிழல் அதன்மேல் விழாதபடி மெல்ல முன்னேறக் கற்றோம். நேரத்தையும் மாற்றிக்கொண்டோம். இரவில் இந்தப் பூச்சி இலையின் அடிப்புறத்தில் இறகை மூடித் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி உடல் சூடேறும் வரை அதனால் பறக்க இயலாது. சூரியன் எழுந்த அரைமணிக்குள் சென்றால், பனித்துளி படிந்த இறகோடு அது அசையாமல் இருப்பதைக் காணலாம். மழை நின்ற பிறகு ஈரமண்ணில் ஆண்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து நீரை உறிஞ்சும் வேளையும் நல்ல வேளையே. உப்புச் சத்துக்காக அவை அங்கே கூடுகின்றன. உறிஞ்சும் மும்முரத்தில் நம்மை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

காமிராவைப் பற்றியும் சில சொற்கள். இறகின் தளத்துக்கு இணையாக லென்ஸைப் பிடித்தாலொழிய, கண் தெளிந்தால் இறகின் ஓரம் மங்கும். ஓரம் தெளிந்தால் கண் மங்கும். செடி காற்றில் ஆடுமாதலால், விநாடியில் 500இல் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே ஒளியை உள்ளே விடுவது நலம். உச்சிவெயிலில் இந்த மஞ்சள் நிறம் மிகுதியான ஒளியைத் திருப்பி அனுப்புவதால், நரம்புகளும் புள்ளிகளும் மறைந்து இறகு முழுவதும் வெறும் மஞ்சள் திட்டாகிவிடும். எனவே ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. விடியற்காலையில் பொறுமையோடு அணுகுவோர்க்கு இன்றைய கைபேசியும் போதும்.

இப்படி நாள்தோறும் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஒன்றிலும் பூச்சி இறகை விரித்திருக்கவில்லை. அமர்ந்தவுடன் இறகுகளை முதுகின்மேல் சேர்த்து மூடிக்கொள்வது இந்த இனத்தின் வழக்கம். மேற்புறத்தில் முன்னிறகின் ஓரமாக அகன்ற கறுப்புக் கரை ஒன்று உண்டு. பறக்கும்போது கணநேரம் மின்னி மறைவது அதுதான். ஆனால் இனத்தை அறிவதற்குத் துணைசெய்யும் அடையாளங்கள் பல அடிப்புறத்திலேயே இருக்கின்றன. முன்னிறகின் அடிப்புறத்தில், உடலையொட்டிய நடு அறைக்குள் பெரும்பாலும் இரண்டு பழுப்புக் குறிகள் இருந்தால் அது நம் சாதாரண மஞ்சள். மூன்று குறிகள் இருந்தால் அது 'யூரீமா பிளாண்டா' என்னும் நெருங்கிய உறவு. அக்டோபரில் எடுத்த ஒரு படத்தில், முன்னிறகின் நுனி வெட்டியதுபோல் சதுரமாகவும், பின்னிறகில் நேர்க்கோடுகள் ஓடியும் இருக்கக் கண்டோம். அது 'யூரீமா லேட்டா' என்ற வேறோர் இனம். எல்லாம் ஒன்றே என்று எண்ணி மூன்று மாதம் படமெடுத்துக்கொண்டிருந்த நமக்கு, ஓர் எளிய மனையில் இரண்டு இனங்கள் குடியிருப்பதைக் காமிராதான் காட்டிற்று.

அடுத்த வியப்பு, பருவத்தால் நேரும் மாற்றம். மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சிகளுக்குக் கறுப்புக் கரை அகலமாக இருக்கும். அடிப்புறம் துப்புரவான மஞ்சளாக இருக்கும். மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் காலத்தில் பிறப்பவற்றுக்குக் கரை குறுகி, அடிப்புறத்தில் செம்பழுப்புக் கறைகள் தோன்றுகின்றன. காய்ந்த இலைகளுக்கிடையே இறகை மூடி அமர்ந்தால் அது பூச்சியென்று தெரியாது. புழுப்பருவத்தில் நிலவும் பகற்பொழுதின் நீளமும் வெப்பமும் இந்த வேறுபாட்டை நிர்ணயிக்கின்றன. ஒரே இனத்தின் இத்தகைய வடிவங்களை வெவ்வேறு இனங்கள் என்று கருதிப் பல பெயர்கள் இட்ட காலமும் ஒன்று இருந்தது.

இனி இந்த மஞ்சளின் வரலாறு. வண்ணத்துப்பூச்சியின் நிறம் இறகின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்டிருக்கும் நுண்ணிய செதில்களில் தங்கியிருக்கிறது. நம் விரலில் ஒட்டும் பொடி அச்செதில்களே. இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் மஞ்சள் நிறப்பொருளை இங்கிலாந்தில் பிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்னும் இளைஞர் ஆராய்ந்து 1889இல் எழுதினார். பிற்காலத்தில், 1929இல், வைட்டமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவரே. 1925இல் ஜெர்மனியில் வீலண்டும் ஷோப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியிலிருந்து அந்நிறப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இவ்வகைப் பொருள்களுக்கு 'ப்டெரின்' என்ற பெயர் வந்தது. இரத்தசோகையைத் தீர்க்கும் போலிக் அமிலம் என்னும் வைட்டமினின் அமைப்பை 1940களில் கண்டறிந்தபோது, அதன் ஒரு பகுதியாக இதே ப்டெரின் வகைப் பொருள் இருப்பது தெரிந்தது. அந்த அமிலத்தை அமெரிக்காவில் செயற்கையாக ஆக்கிய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1948இல் பயன் கண்ட முதல் மருந்துகளுள் ஒன்றான 'அமினோப்டெரின்' அவர் குழுவில் பிறந்தது. அதன் பெயரிலும் இறகு இருப்பதைப் பாருங்கள். வயலோரத்துப் பூச்சியின் நிறத்தைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி, 60 ஆண்டுகளில் நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

ஆகஸ்டு மாதத்தில் நம் கவனம் பறப்பதிலிருந்து தகரைச் செடிக்குத் திரும்பியது. ஒரு பெண்பூச்சி செடிக்குச் செடி தாவி, இலையைக் காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. வண்ணத்துப்பூச்சிக்குக் காலிலும் சுவையறியும் உறுப்புகள் உண்டு. தன் மக்களுக்கு ஏற்ற உணவுதானா என்று அது சோதிக்கிறது. பிறகு வயிற்றை வளைத்து, கதிர்போல் கூர்ந்த வெண்ணிற முட்டை ஒன்றை இலைமேல் நிறுத்திவிட்டு அகன்றது. ஓரிடத்தில் ஒரு முட்டைதான் வைக்கும். தகரை, ஆவிரை, கொன்றை, வாகை, கொடுக்காய்ப்புளி முதலிய அவரைக் குடும்பத்துத் தாவரங்களே பெரும்பாலும் இதன் புழுவுக்கு உணவு. ஏறக்குறைய மூன்று நாளில் பொரிந்த புழு, இலையின் பச்சையையே பூசிக்கொண்டாற்போல் இருக்கும். பக்கவாட்டில் ஒரு வெளிர்கோடு மட்டும் ஓடும். இரண்டு வாரம் தின்று வளர்ந்தபின், பட்டிழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. ஒரு வாரத்தில் அந்தப் பச்சைக் கூடு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடிந்த மஞ்சள் இறகும் கறுப்புக் கரையும் வெளியே தெரியும். மறுநாள் காலையில் பூச்சி வெளிப்படும்.

அந்தக் காட்சியைப் படமெடுக்க நாம் ஏழு புழுக்களையும் இரண்டு கூடுகளையும் குறித்து வைத்திருந்தோம். செப்டம்பரில் ஒரு காலையில் போனபோது மனை மொட்டையாக இருந்தது. செடிகளை வேரோடு களைந்து மூலையில் குவித்திருந்தார்கள். யாரைக் குறை கூறுவது? கொசுவும் பாம்பும் சேர்கின்றன, மனையைத் துப்புரவாக்குங்கள் என்று கோடையில் குடியிருப்போர் எழுதிய விண்ணப்பத்தில் நம் கையெழுத்தும் இருந்தது. அப்போது அந்தச் செடி நமக்கு வெறும் களை. அதில் யார் வாழ்கிறார்கள் என்று நாம் பார்த்திருக்கவில்லை.

வாடிய குவியலைக் கிளறி, மூன்று புழுக்களையும் ஒரு கூட்டையும் மீட்டோம். சாலையோரத்துத் தகரையிலிருந்து நாள்தோறும் இலை பறித்து வந்து, துணியால் வாய் கட்டிய பெட்டியில் வளர்த்தோம். ஒரு புழு இறந்தது. மற்றவை கூடு கட்டின. பெட்டியிலிருந்து வெளிவந்த மூன்று பூச்சிகளையும், இறகு உலர்ந்ததும், அதே மனையின் ஓரத்தில் பறக்கவிட்டோம். முட்டையிடுவதற்கு அங்கே ஓர் இலைகூட இல்லை. அவை மதிலைத் தாண்டிப் போயின.

அன்று முதல் படத்தின் பயனைப் பற்றிய நம் கருத்தும் மாறியது. கர்நாடகத்துக் கார்வார் பகுதியில் வனத்துறை அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல் என்பவர், வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களைத் தேடி வளர்த்து, எது எந்தச் செடியைத் தின்கிறது, எத்தனை நாளில் உருமாறுகிறது என்பவற்றைப் பொறுமையாகக் குறித்தார். சமவெளிகளின் சாதாரண வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1909 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அவர் தொடர்ந்து எழுதினார். 'சாதாரண' என்ற சொல்லை அவர் தலைப்பிலேயே வைத்தது நம் நெஞ்சில் நிற்கிறது. அவ்வாறு யாரேனும் எழுதி வைத்தாலொழிய, சாதாரணமானது குறையத் தொடங்குவதைக் கண்டுகொள்ளவும் வழியில்லை.

ஆகவே நேயர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, படமெடுங்கள், படத்தோடு நாள், இடம், அமர்ந்திருந்த செடி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். அழகற்ற படமாயினும் அந்தக் குறிப்போடு சேர்ந்தால் அது சான்றாகும். பூச்சியைக் கொன்று ஊசியில் குத்தி வைக்க வேண்டியதும் இல்லை. இரண்டாவது, வீட்டைச் சுற்றிக் களை எடுக்கும்போது, ஒரு மூலையில் நான்கு தகரைச் செடிகளையேனும் காய் முற்றும்வரை விட்டு வையுங்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். அந்த நீரை அகற்றுங்கள், செடி நிற்கட்டும்.

எதிர்மனையில் அடுத்த ஆண்டு மழைக்குத் தகரை மீண்டும் முளைத்தது. விதை மண்ணில் இருந்தது போலும். இம்முறை மூலையில் ஒரு பாத்தியளவு இடத்தைக் களையாமல் விடும்படி அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி இசைவு பெற்றோம். ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் ஒரு மஞ்சள் பூச்சி அங்கே வந்து, ஓர் இலையைக் காலால் தொட்டுப் பார்த்தது. அந்தப் படம் சற்று மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. நாளும் இடமும் செடியும் எழுதி அதனைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.