இளவேனிலுக்கு வளவை ஆயத்தஞ் செய்தல்

(சங்கத்தின் தை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே பெரும்பாலும் சமயமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று மண்வெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். கோயிலுக்குப் பூவும், விரதத்துக்குக் காய்கறியும், அபிஷேகத்துக்கு நீரும் வீட்டு வளவிலிருந்தே வந்த ஊர் நம்முடைய ஊர். ஆதலின் இப்பொருள் இம்மேடைக்கு அந்நியமானது அன்று.

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். குளிர்நாட்டாருக்கு வசந்தம் என்பது பனி உருகி நிலம் கண்விழிக்கின்ற காலம். அவர்கள் அப்பொழுதுதான் விதைக்கத் தொடங்குவர். யாழ்ப்பாணத்திலே நிலைமை வேறு. நமது மண் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழையிலே முழுகி, தையிலே ஈரந் துவட்டி நிற்கின்றது. சித்திரை பிறக்கும்போது வெயில் ஏறிவிடும். வைகாசியிலே சோழகம் எழுந்தால் இலையிலுள்ள ஈரமும் தங்காது. அதற்கு முன் வேரூன்றிய செடி பிழைக்கும்; பிந்திய செடிக்கு எத்தனை வாளி நீர் ஊற்றினாலும் அது வாடிக்கொண்டே நிற்கும். எனவே தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களுமே நமக்கு ஆயத்த காலம்.

முதலிலே துப்புரவு. மாரிக்குப் பின் வளவிலே சிரட்டை, தயிர்க்கோப்பை, உடைந்த பூச்சட்டி, பழைய ரயர் எல்லாம் நீர் ஏந்திக் கிடக்கும. நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை பத்து நாளுக்குள் சிறகு முளைத்துப் பறந்துவிடும். மாரியின் முடிவிலே டெங்குக் காய்ச்சல் நமது ஊர்களில் பெருகுவதை யாவரும் அறிவீர்கள். தோட்ட வேலை இங்கிருந்தே தொடங்கட்டும். அடுத்தது பாதீனியம். கரட் இலைபோல இலையும் சிறு வெள்ளைப் பூவும் உடைய அச்செடியைத் தையிலே, மண் ஈரமாயிருக்கும்போதே, பூக்குமுன் வேரோடு பிடுங்கிவிடுதல் வேண்டும். ஒரு செடி பல்லாயிரம் விதை சொரியும். கையுறையின்றித் தொடவேண்டாம், தோலிலே சொறியும், சிலருக்கு இழுப்பும் உண்டாகும்.

மற்றைய குப்பையை எரிக்காதீர்கள். மாலையானால் ஒவ்வொரு வளவிலும் புகை எழும்புகின்றது. கூட்டிப் பெருக்கிச் சருகைக் கொளுத்தினால் வளவு துப்புரவாய்விட்டது என்பது நமது பெண்மணிகளின் எண்ணம். ஆண்களோ அதனைக்கூடச் செய்வதில்லை. அச்சருகுதான் மண்ணின் உணவு. நமது செம்மண் நீரை விரைவாகக் கீழே விட்டுவிடும் இயல்புடையது. அதிலே உக்கிய இலை கலந்தால்தான் ஈரம் நின்று பிடிக்கும். நம் முன்னோர் வேலி அடைத்துப் பழுதான பனையோலையையும் கிடுகையும் எறிந்துவிடவில்லை, தோட்டத்திலே தாழ்த்தார்கள். பூவரசங் குழையும் வேப்பங் குழையும் வெட்டிப் பாத்தியிலே மிதித்தார்கள். தேங்காய்ப் பொச்சைத் தென்னையடியிலும் வாழையடியிலும் புதைத்தார்கள். அது பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல மெல்லக் கொடுக்கும்.

இவ்விடத்திலே வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களாலான உயிர்வேலி எல்லை மாத்திரமன்று. குழை தரும் பண்டசாலை, ஆட்டுக்குத் தீனி, சோழகத்துக்குத் தடுப்பு. இன்று வசதி வந்தவுடன் வேலியைப் பிடுங்கி மதில் கட்டுகின்றோம். மதில் கட்டியவர் குழைக்கு எங்கே போவார்? உரப் பைக்குத்தான் போவார். மதில் வேண்டுமென்பவர் தெருப்பக்கம் கட்டட்டும். தெற்கும் மேற்குமாவது வேலியாக இருந்தால் காற்றின் வேகம் தணியும்.

பாத்தியைப் பற்றி இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாரிக்கு மேட்டுப்பாத்தி; கோடைக்குத் தாழ்ந்த பாத்தி. மாரியிலே நீர் வடியவேண்டும், கோடையிலே நீர் தங்கவேண்டும் என்பதே காரணம். பாத்தியை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, உக்கிய மாட்டெருவும் சிறிது சாம்பலும் கலந்து ஆறவிட்டு, நட்டபின் மேலே சருகு பரப்பிவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறைத்தாலும் செடி தாங்கும். கத்தரி, மிளகாய் நாற்றுக்களைத் தையிலே மேடையிலிட்டால் நாலைந்து கிழமையில் பிடுங்கி நடலாம். வெண்டியும் பயிற்றையும் நேரே விதைக்கவேண்டியவை. முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் கறிச்சட்டிக்கு வந்துவிடும். பொறுமையில்லாதவர்கள் அதிலே தொடங்கலாம். தூதுவளை, முசுட்டை வேலியிலே படரட்டும். கிணற்றடி வடிநீர் வழியிலே வாழையும், ஈரம் மாறாத மூலையிலே வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்கலாம். செவ்வரத்தை, நந்தியாவட்டைத் தடிகளை இப்பொழுதே ஊன்றுங்கள். சுவாமி படத்துக்குப் பிளாத்திக்குப் பூமாலை சாத்துகின்ற வீடுகள் பெருகிவிட்டன. அதைப்பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.

இனி நாம் பேச வந்த முக்கிய விஷயத்துக்கு வருகின்றோம். அது கிணறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வருஷம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியிலே மாத்திரம் ஓடுவது. மழைநீர் மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தேங்கி நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்ததாகையால், கீழே ஊறியுள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. துலாவிலே பட்டை கட்டி இறைத்த காலத்திலே மனிதனுக்குக் களைப்பு வந்தது. அதனால் கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. அளவுக்கு மிஞ்சி இறைக்குமிடத்து மேலுள்ள நன்னீர் குறைய, கீழுள்ள உவர்நீர் மேலெழும்புகின்றது. கடலோரத்துக் கிணறுகள் பல இப்படியே உவராயின.

உவரையாவது நாக்கு அறியும். நாக்கு அறியாத கேடு ஒன்றுண்டு, அது நைத்திரேற்று. யூரியா முதலிய உரங்களிலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் மாட்டுக்கொட்டிலிலிருந்தும் அது மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேருகின்றது. நிறமில்லை, மணமில்லை. ஒரு இலீற்றர் குடிநீரிலே 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கின்றது. குடாநாட்டின் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை கண்டிருக்கின்றனர். கைக்குழந்தைக்கு அந்நீரிலே பால்மாக் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமை குன்றிக் குழந்தை நீலம்பாரிக்கும். தாய்மார் முக்கியமாக அறியவேண்டியது, கொதிக்கவைத்தால் இது போகாது என்பதே. நீர் வற்ற வற்ற அது செறியும். வீட்டிலே குழந்தை பிறக்க இருப்பவர்களும் சிறு குழந்தை உள்ளவர்களும் கிணற்று நீரை ஆய்வுகூடமொன்றில் ஒருமுறை பரிசோதிப்பித்தல் வேண்டும். பயறு விளைகின்ற வளவிலே பிள்ளைக்கு நஞ்சு ஊறலாமா?

உரமே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. 2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே நாளிலே நிறுத்தியபோது விவசாயிகள் பட்டபாட்டை மறந்துவிடமுடியாது. தகுந்த ஆயத்தமின்றி நிறுத்தியதாலே விளைச்சல் விழுந்தது. அவ்வருஷ முடிவுக்குள் தடையும் தளர்ந்தது. 2022இல் பண்டங்களின் விலை வானத்துக்கு ஏற, வீட்டிலே பயிரிடுவதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவுகூடக் கொடுத்தார்கள். வயலையும் புகையிலைத் தோட்டத்தையும் பற்றிய வாதம் வேறு. பத்துக் கத்தரியும் பதினைந்து மிளகாயும் நிற்கின்ற வீட்டு வளவுக்கு, அதுவும் குடிக்கின்ற கிணற்றுக்குப் பக்கத்திலே, உரப் பை வேண்டியதில்லை என்பதே எமது துணிபு. குழையும் எருவும் அங்கே போதும். எருவையும் கிணற்றடியிலே குவிக்காமல் வளவின் மறுகோடியிலே, மேலே மூடிவைத்தல் வேண்டும்.

1990இலே வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்துபோய், நீண்ட வருஷங்களுக்குப் பின் கட்டங்கட்டமாக மீண்டுவந்த குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். வீடு இருந்த இடந் தெரியாமல் பற்றை மூடிக் கிடந்த வளவுகளிலே அவர்கள் முதலில் தேடியது கிணற்றைத்தான். கிணறு இறைத்து நீர் தெளிந்த பின்னரே முருங்கைத் தடி ஊன்றினார்கள்.

வேலையை எப்படிப் பகிர்வதென்று இளைஞர் சிலர் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலே இரண்டு மணித்தியாலம் போதும். ஆளில்லாத வீட்டுப் பெரியவர்களின் வளவுகளை நமது அங்கத்தவர் இருவர் இருவராகப் பொறுப்பேற்கட்டும். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தனியே இருக்கும் ஆச்சிமாருக்குப் பாத்தி கொத்துவது இயலாத காரியம். விதை எங்கே, எந்த மூலையிலே எது வரும் என்பதை அவர்களைப்போலச் சொல்லுவாரும் இல்லை.

சங்க மண்டபத்துக்குப் பின்னாலே கத்தரியும் மிளகாயும் நாற்றுமேடையிலே முளைத்திருக்கின்றன. மாசி நடுப்பகுதியிலே பிடுங்கலாம். வேண்டியவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து, மாலை வேளையிலே வந்து எடுத்துச் செல்லலாம். பொலித்தீன் பை கொண்டுவரவேண்டாம். வாழைத்தடலிலே சுற்றித் தருவோம்.