பழைய பென்ஸும் மண்ணெண்ணெய்க் காரும்

(எமது வானொலியின் மாதாந்தப் பேச்சு நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



"உங்கட பழைய பென்ஸைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையுங்கோ" என்று இந்த நிகழ்ச்சியின் பொறுப்பாளர் கேட்டபோது, என் மனைவி அன்றைக்கு வானொலியை நிற்பாட்டி விடுவாவே என்றுதான் முதலில் நினைத்தேன். அவவுக்கு அந்தக் கார் ஒரு சக்களத்தி மாதிரி. ஆனாலும் எங்கள் பிள்ளைகளில் பலர் இப்போது பத்துப் பதினைந்து வருடப் பழைய பென்ஸ், ஜகுவார், பி.எம்.டபிள்யூ என்று தேடித்தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு என் அனுபவம் உதவக்கூடும் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

என்னுடையது 1984 இல் செய்த 230 ஈ. 123 வரிசை என்பார்கள். 1976 இலிருந்து 1986 தொடக்கம் வரை ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் அந்த வரிசையில் செய்யப்பட்டன. வைத்தியரும் வியாபாரியும் வாங்கிய கார் அது. ஜேர்மனியில் டாக்சியாக ஓடியதும் அதே கார்தான். மொரோக்கோவிலும் நெடுங்காலம் வாடகைக் காராக ஓடியது. நான் 2008 இல் பின்னர் பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயரிடம் வாங்கினேன். அவர் காசை எண்ணவில்லை. சாவியைத் தந்துவிட்டுக் காரைத்தான் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

2022 ஆம் ஆண்டுக் கோடையில் அதற்கு ஒரு வருத்தம் வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்ராட் ஆகும். ஹரோவிலிருந்து வெம்பிளி ஈலிங் றோட்டுக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தால் ஸ்ராட் ஆகாது. ஸ்ராற்றர் நன்றாகச் சுற்றும். ஆனால் எஞ்சின் பிடிக்காது. நாலைந்து முறை விட்டு விட்டுச் சுற்றினால் இருமிக்கொண்டு எழும்பி, கொஞ்ச நேரம் நடுங்கி, பிறகு ஒன்றும் நடவாதது போல ஓடும்.

ஒரு கராஜில் விட்டேன். எந்தக் கராஜ் என்று சொல்லமாட்டேன். பற்றரி மாற்றினார்கள். அடுத்த கிழமை பிளக்குகளும் வயர்களும். பிறகு இக்னிஷன் கொயில். கடைசியாக ஸ்ராற்றர் மோட்டர். எல்லாமாக 640 பவுண். வருத்தம் அப்படியே இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, களவெடுக்கவும் இல்லை. இதுவாக இருக்கலாம் என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நானும் தலையாட்டினேன். பிழையில் பாதி என்னுடையது.

2023 யூலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண் கிளினிக். முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தோம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவவுக்கு வெளிச்சம் கூசியது. கார் ஸ்ராட் ஆகவில்லை. இருபத்தைந்து நிமிடம் அந்த வெயிலுக்குள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு பின் சீற்றில் இருந்தா. நான் வியர்த்து வழிய பொனற்றைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். கடைசியில் அம்மா சொன்னா:

"உன்ர மாமான்ர மண்ணெண்ணெய்க் கார் இதைவிடத் திறம் தம்பி. அது சூடேறினாப் பிறகு ஒருநாளும் நிண்டதில்லை."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்ததை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் ஒன்றும் வராது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வரும். அந்த மண்ணெண்ணெயில்தான் எங்கள் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் ஓடின. பிள்ளைகளுக்காக விளக்கிச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் குளிராக இருந்தால் அது ஆவியாகாது, பற்றாது. அதனால் ஒரு சிறிய போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சினைச் சூடாக்கி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எங்களுடைய கண்டுபிடிப்பு மட்டுமல்ல. இங்கிலாந்தின் தோட்டங்களில் 1940களிலும் 50களிலும் ஓடிய பேர்கூசன் ரிராக்ரர்களில் ஒரு வகையும் இப்படித்தான், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் ஓடியது.

என் மாமா நெல்லியடியில் வாடகைக் கார் ஓடினவர். காலையில் டிப்ஸ்ரிக்கை இழுத்து, துடைக்கமுதல் மூக்கிற்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும், அதுதான். கார் நின்றால் உடனே ஒன்றையும் கழற்றமாட்டார். மதகில் குந்தியிருந்து யோசிப்பார். மாற்றிப் பார்ப்பதற்கு இன்னொரு சாமான் இல்லையே! எனவே எது பிழை என்பது தெரிந்த பிறகுதான் சாவியைக் கையில் எடுப்பார். "எப்ப நிண்டது? ஏத்தத்திலயோ, இறக்கத்திலயோ? குளிரிலயோ, சூட்டிலயோ?" என்று தனக்குத்தானே கேட்பார். இங்கே எனக்கு எல்லாச் சாமானும் அடுத்தநாள் தபாலில் வரும். அதனால்தான் நான் 640 பவுண் செலவழிக்கும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, கேட்டேன். என் கார் எப்போது மறுக்கிறது? குளிரில் அல்ல. ஓடி நிறுத்தி இரண்டு நிமிடத்தில் திருப்பினாலும் இல்லை. இருபது நிமிடத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில்தான். ஓடி நின்ற எஞ்சினில் தண்ணீரும் ஓடாது, காற்றும் வராது. பொனற்றுக்குக் கீழே சூடு அப்போதுதான் ஏறும். பெற்றோலின் இலேசான பகுதி 35, 40 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க் காருக்குச் சூடு காணாது. என் காருக்குச் சூடு கூடிப்போகிறது. பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழியாகிறது. குமிழியை இன்ஜெக்ரர் விசிற முடியாது. பம்ப் புதுப் பெற்றோலைத் தள்ளிக் குமிழியை வெளியேற்றும்வரை இருமல்தான்.

அப்படியென்றால் கார் புதிதாக இருந்தபோது ஏன் கொதிக்கவில்லை? அழுத்தத்தால். பிறெஷர் குக்கருக்குள் தண்ணீர் நூறு பாகையிலும் கொதிக்காமல் இருப்பது போலத்தான். இந்தக் காரில் இருப்பது பொஷ் நிறுவனத்தின் கே-ஜெற்றோனிக் முறை. கணினி விசிறும் முறையல்ல, பெரும்பாலும் அழுத்தத்தாலேயே இயங்கும் முறை. ஓடும்போது குழாயில் ஐந்து பாருக்குக் கிட்ட அழுத்தம் நிற்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அதில் பாதியளவாவது நெடுநேரம் நிற்கவேண்டும். அதை நிறுத்தி வைப்பதற்கென்றே ஒரு சாமான் உண்டு. கொண்டென்ஸ்ட் மில்க் ரின் அளவில், காரின் அடியில் பின் சில்லுப் பக்கம், பெற்றோல் பம்புக்கு அருகில் இருக்கும். அக்குமுலேற்றர் என்பார்கள். உள்ளே ஒரு ஸ்பிறிங்கும் ஒரு மென்தகடும். மென்தகடு கிழிந்தால் அழுத்தம் போய்விடும். 39 வருடப் பழைய தகடு கிழிவது அதிசயமல்ல.

ஆனால் இந்த முறை நான் ஓடிப்போய் வாங்கவில்லை. அழுத்தம் இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பம்பில் ஒரு திசை வால்வு இருக்கிறது, அது மிகவும் மலிவான சாமான். இன்ஜெக்ரர்கள் ஒழுகலாம். எனவே ஒரு பிறெஷர் கேஜ் வாங்கிப் பூட்டினேன். எஞ்சின் ஓடும்போது முள் சரியான இடத்தில் நின்றது. நிறுத்தினேன். ஐந்து நிமிடத்துக்குள் பூச்சியத்துக்கு இறங்கியது. பிறகு அக்குமுலேற்றரின் பின்பக்கத்துச் சிறிய ஹோஸைக் கழற்றினேன். அங்கே பெற்றோல் வரக்கூடாது. வந்தால் உள்ளே கிழிந்துவிட்டது என்று அர்த்தம். என் முழங்கை வரை வழிந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் பெற்றோலில் நனைந்ததில்லை.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்காதீர்கள். இரும்பு ஸ்ராண்ட் வைத்து, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். பற்றரியைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகு, குழாயின் அழுத்தத்தை இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு திறவுங்கள். மூடிய கராஜுக்குள் வேண்டாம். பயமாக இருந்தால், அளந்து பார்த்த கணக்கை ஒரு பேப்பரில் எழுதி நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதுவே பெரிய உதவி.

அக்குமுலேற்றர், ஒரு திசை வால்வு, பில்ரர், பழைய றபர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த 640 பவுணில் பாதிகூட முடியவில்லை.

கார் திருந்தியது. ஆனால் அப்போது 2023 ஓகஸ்ட். 29 ஆம் திகதி தொடக்கம் யூலெஸ் லண்டன் முழுவதற்கும் வந்தது. விதிக்கு அமையாத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண் 50 பென்ஸ். அதே மாதம் 21 ஆம் திகதியிலிருந்து ஸ்கிறப்பேஜ் திட்டத்தையும் லண்டன்வாசிகள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், காருக்கு 2000 பவுண் வரை. "நசுக்கக் குடுத்திட்டுக் காசை வாங்கு" என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடப் பயம். இரண்டு கிழமை நான் முடிவெடுக்கவில்லை. 2000 பவுண் எங்கள் வீட்டில் சின்னக் காசல்ல.

விதியை வாசித்துப் பார்த்தேன். 40 வருடம் கடந்து, வரலாற்று வாகனம் என்ற வரி வகுப்புக்கு மாற்றிய காருக்கு யூலெஸ் இல்லை, வீதி வரியும் இல்லை. 1985 சனவரி 1 இற்கு முன் செய்த கார்கள் 2025 ஏப்ரல் 1 இலிருந்து அந்த வகுப்புக்குள் வரும். அதாவது 19 மாதம் பொறுக்கவேண்டும். சோர்ண் அறிவித்தல் கொடுத்து, வீட்டு முற்றத்தில் நிறுத்தினேன். பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அம்மாவை மனைவியின் சின்னக் காரில் கூட்டிப்போனோம்.

நிறுத்தி வைக்கும் கார் ஓடும் காரைவிடக் கூடப் பழுதாகும். பற்றரிக்குச் சிறிய சார்ஜர் போட்டு வைத்தேன். 2021 செப்டெம்பரிலிருந்து இங்கு வழமையான பெற்றோல் ஈ-10, அதில் பத்து வீதம் வரை எதனோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய றபரையும் அரிக்கும். எனவே சுப்பர் என்று விற்கும் ஈ-5 தான் விட்டேன். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், கிழமையும் வருடமும். பார்த்தால் என்னுடையது பன்னிரண்டு வருடம்! தேய்மானம் இல்லாததால் நான் கவனிக்கவேயில்லை. நாலையும் மாற்றினேன்.

பிள்ளைகள் கேட்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலிவான சொகுசுக் காரின் சாமான் மலிவல்ல. காற்று சஸ்பென்ஷன் உள்ள பெரிய பென்ஸ் ஒன்றைப் பார்க்கப் போனால், காலையில் எஞ்சின் ஓடமுதல் போங்கள். ஒரு மூலை பதிந்து கிடந்தால் திரும்பி வாருங்கள். எஞ்சினைவிடத் துருவுக்குப் பயப்படுங்கள். என் வரிசைக் காரில் ஜக் வைக்கும் இடங்களும் பற்றரித் தட்டின் அடியும் பார்க்கவேண்டிய இடங்கள். எம்.ஓ.ரி வரலாறு 2005 இலிருந்து அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாஸ் பண்ணியதா என்று மட்டும் பாராமல், கீழே எழுதிய அறிவுரைகளையும் வாசியுங்கள். யூலெஸுக்கு 2006 இற்கு முந்திய பெற்றோல் கார் எல்லாம் தள்ளுபடி என்று நினைக்கவேண்டாம். 2001 இலிருந்தே அமைந்த கார்கள் சில உண்டு. இலக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2025 ஏப்ரலில் தபால் கந்தோருக்குப் போய் வரி வகுப்பை மாற்றினேன். அது தானாக மாறாது, நாங்கள்தான் கேட்கவேண்டும். 40 வருடம் ஆனபின், பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்.ஓ.ரியும் கட்டாயமில்லை. ஆனால் நான் வருடா வருடம் செய்கிறேன். கூடியபட்சம் 54 பவுண் 85 பென்ஸ். அம்மா பின் சீற்றில் இருக்கும் காருக்கு அந்தக் காசைப் பார்க்க முடியாது.

முதல் ஓட்டம் அதே கிளினிக்குக்குத்தான். வெளியே வர ஒரு மணித்தியாலம் ஆனது. அம்மா ஏறமாட்டேன் என்று கதவடியிலேயே நின்றா. "முதல்ல ஸ்ராட் பண்ணிக் காட்டு." சாவியைத் திருப்பினேன். பிடித்தது. அதற்குப் பிறகுதான் குடையை மடக்கினா.

அந்தப் பிறெஷர் கேஜ் இன்னும் என் கராஜில் ஆணியில் தொங்குகிறது. உங்களில் யாருக்காவது இதே வருத்தம் உள்ள பழைய கார் இருந்தால் வானொலி நிலையத்தில் சொல்லி வையுங்கள், கொண்டுவந்து தருகிறேன். திருப்பித் தந்தால் சரி.